காரில் லண்டன்: வண்டி யார் பெயரில் எல்லை தாண்ட வேண்டும்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 54, பனியன் ஜாப் ஒர்க் தொழில். அடுத்த ஏப்ரல் கடைசியில் மனைவியோடும் மனைவியின் தம்பியோடும் சொந்த டீசல் எஸ்யூவியில் லண்டன் புறப்படத் திட்டம். அங்கே மகள் நர்ஸாக வேலை பார்க்கிறார். வண்டி 2022 மாடல், பிஎஸ்6, மனைவி பெயரில் இருக்கிறது. லோனில் இன்னும் 11 தவணை பாக்கி. மூவருக்கும் ஓட்டத் தெரியும், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. 79 வயது அம்மா அண்ணன் வீட்டில் இருப்பார்.

அவருடைய கேள்விகள் சுருக்கமாக: வாகா, ஈரான் வழிதானே குறுக்குவழி? இன்சூரன்ஸ் பம்பர் டு பம்பர் எடுத்திருப்பதால் வெளிநாட்டிலும் செல்லும் அல்லவா? ஆர்டிஓ ஏஜென்ட் சொல்கிறபடி வண்டியைத் தன் பெயருக்கு மாற்றி, படிவம் 28 என்ஓசியும் வாங்கிவிடலாமா? நண்பர் சொன்ன 'கார்னே'வுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டுமா? கடைசியில் வண்டியை லண்டனில் மகளிடம் விட்டுவிட்டு விமானத்தில் திரும்ப முடியுமா? பின்குறிப்பாக ஒன்று: மகளுக்கு ஊத்துக்குளி நெய் கொண்டு போகலாமா?

அன்புள்ள ஐயா,

எஞ்சின், டயர், கூரைக் கூடாரம் எல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் இந்த மாதிரிப் பயணம் பெரும்பாலும் நடுரோட்டில் நிற்பதில்லை. எல்லைச் சாவடி கவுன்டரில்தான் நிற்கும். அதனால் வண்டியை விட்டுவிட்டுக் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் பாதை, அப்புறம்தான் பணம்

வாகா வழியை மறந்துவிடுங்கள். அந்த வழியில் நம் பக்கம் உள்ள அட்டாரி சோதனைச் சாவடி 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. அதற்கு முன்பும் இந்தியப் பதிவெண் கொண்ட சுற்றுலா வண்டிக்கு அது எளிய வழியாக இருந்ததில்லை. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மர் போகும் பாதையும் 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு நம்பத்தக்கதாக இல்லை. சீனாவுடன் நமக்கு நீண்ட எல்லை உண்டு. ஆனால் தனியார் சுற்றுலா வண்டி நேரடியாகக் கடக்க அதில் ஒரு வாசல்கூடக் கிடையாது.

மிஞ்சுவது நேபாளம். சுனௌலி வழியாகக் காத்மாண்டு, ரசுவாகடி தாண்டித் திபெத், காஷ்கர், இர்கெஷ்டம் கணவாய், கிர்கிஸ்தானின் ஓஷ், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் அஸ்த்ரகான், லார்ஸ் வழியாக ஜார்ஜியா, துருக்கி, பல்கேரியா, அங்கிருந்து மேற்கே. 15,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். இதிலும் ஒரு கண்ணி பலவீனம். ரசுவாகடியில் இருந்த நட்புறவுப் பாலத்தை 2025 ஜூலை 8-ம் தேதி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த வாசலில் உங்கள் தேதியில் வெளிநாட்டு வண்டியை விடுகிறார்களா என்று எழுத்தில் பதில் வரும்வரை எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

சீனாவுக்குள் நம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி செல்லாது. அங்கே தற்காலிக உரிமமும் தற்காலிக நம்பர் பிளேட்டும் வாங்க வேண்டும். பாதையை முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, வழிகாட்டி ஒருவரை நுழைவு முதல் வெளியேற்றம்வரை உடன் வைத்திருக்க வேண்டும். எல்லாமே அங்குள்ள ஏஜென்சி மூலம்தான். இதில் பலர் கணக்குப் போட மறப்பது அந்த வழிகாட்டியின் இருக்கையை. நீங்கள் மூவர், அவர் நான்காவது. பின்சீட்டில் பெட்டி அடுக்கும் திட்டம் அங்கேயே காலி. இர்கெஷ்டம் சனி, ஞாயிறும் இரு நாட்டு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கலாம். மே முதல் வாரம் சீனாவில் விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை காஷ்கர் போய்ச் சேருகிற மாதிரித் திட்டமிட்டால் மூன்று நாள் அறை வாடகையும் வழிகாட்டியின் சம்பளமும் உங்கள் தலையில்.

விசாக்களில் வரிசை முக்கியம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை முதலில் வாங்குங்கள். அதுவோ பிரிட்டன் விசாவோ கையில் இருந்தால்தான் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கியின் இ-விசா கிடைக்கும். ஜார்ஜியாவுக்குள் விசா இல்லாமல் போகவும் அவற்றில் ஒன்று உதவும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் ஷெங்கன் விண்ணப்பம் போட முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பிரிட்டனுக்குத் தனி விசா. கஜகஸ்தானில் இந்தியர்களுக்கு 14 நாள் விசா தேவையில்லை. ரஷ்யாவின் இ-விசா குறிப்பிட்ட சாவடிகளில் மட்டுமே செல்லும், நீங்கள் நுழையும் சாவடியும் வெளியேறும் சாவடியும் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் 2022 மார்ச் முதல் வேலை செய்வதில்லை. அந்தப் பகுதிக்கு ரொக்கம்தான்.

இப்போது கார்னே. அதை வண்டியின் பாஸ்போர்ட் என்று உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. அது ஒரு ஜாமீன் பத்திரம். 'இந்த வண்டியை உள்ளே விற்காமல் வெளியே கொண்டுபோய்விடுவேன், தவறினால் வரியை என் ஜாமீன் பணத்திலிருந்து எடுத்துக்கொள்' என்று நீங்கள் அந்த நாட்டுச் சுங்கத்துக்குக் கொடுக்கும் வாக்கு. ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு. கீழ்த்துண்டை நுழையும்போது கிழிப்பார்கள், நடுத்துண்டை வெளியேறும்போது. மேல்துண்டு இரண்டு முத்திரையோடும் உங்களிடமே இருக்கும். வெளியேறும் முத்திரை இல்லாத மேல்துண்டோடு ஊர் திரும்பினால் ஜாமீன் பணம் திரும்பாது.

நான் மேலே சொன்ன பாதையில் மத்திய ஆசியா, ரஷ்யா, ஜார்ஜியா, துருக்கி, ஐரோப்பா எதுவும் கார்னே கேட்பதில்லை. எல்லையிலேயே தற்காலிக இறக்குமதிப் பதிவு போட்டுக்கொள்வார்கள். நேபாளத்தில் இந்திய வண்டிக்கு 'பன்சார்' என்ற நாள்கணக்குக் கட்டணம், ஆண்டுக்கு 30 நாள்வரை. நீங்கள் இந்தியப் பக்கம் திரும்பாமல் திபெத் பக்கம் வெளியேறுவதை நுழையும்போதே சொல்லிப் பதிய வைக்க வேண்டும். அதற்கு என்ன தாள் வேண்டும் என்பதைக் காத்மாண்டு ஏஜென்ட்டிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். ரசுவாகடி கைவிட்டு, வண்டியைக் கப்பலில் ஈரானுக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பும் நிலை வந்தால் கார்னே அவசியமாகிவிடும். ஆகவே விண்ணப்பத்தைத் தயாராக வையுங்கள், பணத்தைக் கட்டாதீர்கள்.

பெயர் மாற்றம் வேண்டாம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வண்டி உங்கள் பெயரில் இருந்தால் சிக்கல் குறையும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

எல்லையில் வண்டி ஒருவருடைய பாஸ்போர்ட்டோடு பிணைக்கப்படுகிறது. துருக்கியில் வண்டி யார் பேரில் நுழைந்ததோ அவர் வண்டி இல்லாமல் விமான நிலையம் போனால் குடிவரவு அதிகாரி நிறுத்துவார். வண்டியைச் சுங்கத்திடம் முறைப்படி ஒப்படைத்துத் தாள் வாங்கினால்தான் அவர் வெளியேறலாம். மற்ற நாடுகளிலும் வண்டியை உள்ளே விட்டுப்போனால் கெடு தாண்டிய நாளிலிருந்து அபராதமும் வரியும் அந்தப் பெயரிலேயே ஏறும்.

உங்கள் அம்மாவுக்கு 79 வயது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வந்தால் முதல் விமானத்தில் ஏற வேண்டியவர் நீங்கள். வண்டி உங்கள் பாஸ்போர்ட்டில் இருந்தால் ஏற முடியாது. உங்கள் மனைவி பெயரில் இருந்தால் நீங்கள் கிளம்பலாம். அவரும் மைத்துனரும் வண்டியை அடுத்த எல்லைவரையோ சுங்கக் கிடங்குவரையோ கொண்டுபோய்விடலாம். ஆர்சியில் இருப்பவரே இறக்குமதி செய்பவராகவும் இருப்பது காகிதத்துக்கும் சுத்தம். ஆக, வண்டி அவர் பெயரிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு எல்லையிலும் ஸ்டீயரிங்கில் அவரே உட்காரட்டும், வண்டிப் பதிவு அவர் பாஸ்போர்ட்டில் விழட்டும்.

நீங்களும் மைத்துனரும் ஓட்ட அவர் எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம் போதும். நோட்டரி, மாநில அரசுச் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாடுகள் ஏற்கும் சான்று முத்திரை) என்று வரிசையாக முடித்து, ரஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஓஷிலிருந்து லார்ஸ்வரை அந்த மொழிதான் கைகொடுக்கும்.

படிவம் 28 உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதது. வண்டியின் பதிவை வேறு ஆர்டிஓ எல்லைக்கு மாற்றுகிறவர்களுக்கான என்ஓசி அது. உங்களுக்கு வேண்டியது லோன் கொடுத்த நிறுவனத்தின் என்ஓசி. ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் என்ற அடமானப் பதிவு இருக்கும்வரை வண்டியில் அவர்களுக்கும் உரிமை உண்டு. எந்தெந்த நாடு, எந்தத் தேதிவரை என்று குறிப்பிட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது ஒப்பந்த மீறலாகலாம். 11 தவணைதானே, கையில் பணம் இருந்தால் அடைத்துவிட்டுப் படிவம் 35 போட்டு அடமானப் பதிவை நீக்கிவிடுவது நல்லது. எல்லையில் ஒரு கேள்வி குறையும்.

இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் பொறித்த சேஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். லோன் வாங்கும்போது பென்சில் தேய்த்துச் சேஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதேபோல் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் ஏமாறாது. 17 இலக்க எண்ணில் ஆங்கில எழுத்து ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஆர்சியில் சுழிக்குப் பதில் 'ஓ' விழுந்திருந்தால் அது தட்டச்சுப் பிழை. இங்கே யாரும் கவனிக்காத அந்தப் பிழைக்காகச் சீனாவிலோ ரஷ்யாவிலோ வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள். எஞ்சின் எண்ணையும் நிறத்தையும் அப்படியே பாருங்கள்; ஸ்டிக்கர் ஒட்டி நிறம் மாற்றியிருந்தால் உரித்துவிடுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கே உரிய இன்னொரு தலைவலி இனிஷியல். ஆர்சியில் ஓர் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் விரிவாகக் குடும்பப்பெயர் கட்டத்தில், லைசென்ஸில் அப்பா பெயர் என்று இருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. கவுன்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். முடிந்தால் ஆர்சியைப் பாஸ்போர்ட்படி திருத்துங்கள். முடியாவிட்டால் 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரத்தை அப்போஸ்டிலோடு வைத்திருங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சீக்கிரம் வாங்கிவிட்டீர்கள் என்பது ஒரு சின்ன வருத்தம். அதன் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து ஓராண்டுதான். திரும்பும் நாள்வரை தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் புறப்படும் மாதத்தில் படிவம் 4ஏ போட்டுப் புதிதாக வாங்குங்கள். அசல் லைசென்ஸ் உடன் இல்லாமல் அது மட்டும் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ்: உங்கள் பாலிசி எங்கே நிற்கிறது

உங்கள் பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடுகிறது. பம்பர் டு பம்பர் என்பது தேய்மானம் கழிக்காமல் தருவார்கள் என்று பொருள். தூரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூடுதல் பிரீமியம் கட்டினால் ஐஎம்டி-1 என்ற ஒப்புதல் மூலம் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவுவரை நீட்டலாம். உங்களுக்கு இதில் நேபாளம் மட்டுமே பயன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு எல்லையிலும் மூன்றாம் நபர் காப்பீடு புதிதாக வாங்க வேண்டும். ஜார்ஜியாவில் வெளிநாட்டு வண்டிக்கு 2018 மார்ச் முதல் அது கட்டாயம், ஆன்லைனிலேயே வாங்கலாம். ஒரு நாட்டு வண்டிக் காப்பீட்டை மற்ற நாடுகளும் ஏற்கும் ஐரோப்பாவின் கிரீன் கார்டு அமைப்பில் இந்தியா இல்லை. அதனால் பல்கேரிய எல்லையில் எல்லைக் காப்பீடு வாங்குங்கள், அந்தத் தாளில் பிரிட்டன் பெயரும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இவை எல்லாமே எதிராளிக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டும். திபெத்திலிருந்து லண்டன்வரை உங்கள் வண்டிக்கு ஆகும் சேதம் உங்கள் கைக்காசு என்று வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

விபத்தில் வண்டி முழுசாக நொறுங்கினால் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வண்டி எரிந்தே போனாலும் சுங்கப் பதிவு எரியாது. போலீஸ் அறிக்கையும், வண்டி அழிந்ததைச் சுங்கம் ஏற்றுக்கொண்ட தாளும் இல்லாமல் நகரக் கூடாது.

லண்டனில் மகள் கையில் சாவி

உங்கள் திட்டத்தில் சட்டப்படி நடக்காத பகுதி இது ஒன்றுதான். விருந்தாளியாக வருகிறவர் தன் வெளிநாட்டு வண்டியைப் பிரிட்டனில் 12 மாதத்தில் 6 மாதம்வரை வரி, பதிவு இல்லாமல் ஓட்டலாம். இந்தச் சலுகை விருந்தாளிக்குத்தான். உங்கள் மகள் அங்கே வேலை பார்த்துக் குடியிருப்பவர். அவர் அந்த வண்டியை மருத்துவமனைக்கு ஓட்டிப்போனால் சலுகை முறிந்துபோகும். வண்டியைப் பூட்டுப்போட்டு இழுத்துச் செல்லலாம், இறக்குமதி வரியும் கேட்கலாம். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்தக் கடிதங்களுக்குப் பதில் சொல்வது மகளாகத்தான் இருக்கும்.

முறைப்படி இறக்குமதி செய்து அங்கேயே வைத்துக்கொள்ள முடியாதா என்றால், முடியும். வந்த 14 நாளுக்குள் வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும். பொதுவாக 10% சுங்கமும் அதன்மேல் 20% வாட் வரியும் வரும். பத்து வருடத்துக்கு உட்பட்ட வண்டி என்பதால் பிரிட்டன் தர ஒப்புதல் வேண்டும். இந்தியச் சந்தைக்கென்று செய்த வண்டிக்கு அந்தச் சான்று இருக்காது, தனிச் சோதனையில் தேற வேண்டும். இத்தனையும் செய்தால் அந்தப் பணத்தில் மகள் அங்கேயே நல்ல பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம்.

எனவே திரும்பும் வழியை இப்போதே முடிவு செய்யுங்கள். 20 அடி கன்டெய்னரில் ஒரு வண்டி அடங்கும், சென்னைத் துறைமுகத்துக்கே வரும். இந்தியாவிலிருந்து போன அதே பொருள் மூன்று ஆண்டுக்குள் உரிமையாளர் மாறாமல் திரும்பி வந்தால் வரிவிலக்கு தரும் சுங்க அறிவிக்கை இருக்கிறது (எண் 45/2017). ஆனால் அதே வண்டிதான் போனது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். சுனௌலியில் நம் பக்கச் சுங்க அலுவலகத்தைக் கடந்து போய்விடாதீர்கள்; சேஸ் எண், எஞ்சின் எண் எழுதிய ஏற்றுமதிக் குறிப்பில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டுத்தான் நேபாளத்துக்குள் போக வேண்டும். பலர் அங்கே கை காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள், பிறகு சென்னையில் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஊரில் இருக்கும்போதே உரிமையை மாற்ற வேண்டாம் என்றேனே, வெளியே இருக்கும்போதும் மாற்றக் கூடாது.

லண்டனில் இன்னொரு செலவு: நகரத்தின் தூய காற்று மண்டலத்துக்குள் விதிக்கு உட்படாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு. உங்கள் பிஎஸ்6 டீசல் தரத்தில் தேறக்கூடியதுதான். ஆனால் வெளிநாட்டு நம்பர் அவர்கள் கணினியில் இருக்காது. ஆர்சியை அனுப்பி முன்பே பதிந்துகொள்ளுங்கள். பாரிஸ், ஜெர்மன் நகரங்களுக்கும் இதேபோல் ஸ்டிக்கர் உண்டு.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

பிஎஸ்6 டீசல் எஞ்சின் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தகத்துக்கு வடிவமைத்தது. கந்தகம் கூடிய டீசல் விழுந்தால் எஞ்சின் ஆயில் சீக்கிரம் கெடும், புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப் அடைக்கும். நெடுஞ்சாலையின் பெரிய பெட்ரோல் பங்க்குகளில் மட்டும் போடுங்கள், டீசல் ஃபில்டர் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். உஸ்பெகிஸ்தானில் கார்கள் பெரும்பாலும் கேஸிலும் பெட்ரோலிலும் ஓடுகின்றன. டீசல் கிடைப்பது கஷ்டம். ஓஷிலேயே டேங்கையும் 20 லிட்டர் கேனையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குள் நுழையும்போது கேனில் 10 லிட்டருக்கு மேல் இருந்தால் வரி கேட்பார்கள்.

உங்கள் மாடலில் டீசல் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்ப்ளூ திரவம் இருந்தால் 1,000 கிலோமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் குடிக்கும். தீர்ந்துபோனால் எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பத்து லிட்டர் கையில் இருக்கட்டும், லாரிகள் நிற்கும் இடங்களில் நிரப்புங்கள். அது மைனஸ் 11 டிகிரியில் உறையும். சமவெளியில் போட்ட டீசலும் கடுங்குளிரில் மெழுகு கட்டும். 5,000 மீட்டருக்கு மேல் கணவாய் ஏறும் முன் அந்த ஊர் டீசலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஹெட்லைட் இடப்பக்கம் ஓட்டுவதற்காகச் சாய்த்தது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதற்கென்று ஒட்டுத்தாள் கிடைக்கிறது; சீனாவுக்குள் நுழையும் முன் ஒட்டி, டோவரில் இறங்கியதும் பிய்த்துவிடுங்கள். பின்பக்கம் வெள்ளை நீள்வட்டத்தில் கறுப்பு எழுத்தில் 'ஐஎன்டி' ஒட்ட வேண்டும்.

மருந்துப் பெட்டியைக் கவனமாகப் பாருங்கள். கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் மூன்றும் வழியில் பல நாடுகளில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். மாற்று மருந்து கிடைக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்; கிடைக்காவிட்டால் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு, அசல் அட்டையிலேயே கொண்டுபோங்கள். மைத்துனர் ட்ரோன் எடுத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். உஸ்பெகிஸ்தானுக்குள் அதற்குத் தடை, வீட்டிலேயே இருக்கட்டும். கப்பல் வழியாகிவிட்டால் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்றும் பாருங்கள், அமீரகத்தில் அது குற்றம்.

ஊத்துக்குளி நெய் லண்டன் போய்ச் சேராது. பயணிகள் கொண்டுவரும் பால்பொருளைச் சீனச் சுங்கமே தடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பால், இறைச்சிப் பொருள் எதையும் விடமாட்டார்கள், நெய்யும் அதில் சேர்த்தி.  நேபாளத்தில் கடைசி இரவு ரொட்டி சுட்டு டப்பாவைக் காலி செய்துவிடுங்கள். மகளுக்கு லண்டன் தமிழ்க் கடைகளிலேயே நெய் கிடைக்கும்.